ஒற்றைச் செருப்பை யாருக்குக் கொடுப்பது?

நிவாரணத்துக்கு வரும் மூட்டைகளைப் பிரித்து அடுக்கும் வேலைக்கு விடுமுறை நாட்களில் போய்வருகிறேன். நேற்று முதல் மூட்டையிலேயே மனம் விட்டுப்போயிற்று. அக்குளில் கிழிந்த சட்டை, ஜிப் போன பேன்ட், ஜோடி இல்லாத ஒரு செருப்பு. அடியில் ஈரம் காயாமல் சுருட்டி வைத்த போர்வை. அதன் பூஞ்சை பக்கத்திலிருந்த நல்ல துணிகளிலும் ஏறியிருந்தது.

கொடுத்தவர் கெட்டவர் இல்லை, தெரியும். தூக்கிப்போட மனம் வராமல், யாருக்காவது ஆகும் என்று போட்டிருப்பார். சரி, வீட்டை இழந்து நிற்பவரும் நம்மைப் போல மானம் உள்ளவர்தானே? நாம் உடுத்தக் கூசுகிற துணியை அவரிடம் எப்படி நீட்டுவது?

மருந்து இன்னும் மோசம். அட்டையில் மூன்று மாத்திரை மிச்சம். பெயரும் தேதியும் இருந்த பக்கம் கிழிந்திருந்தது. நன்கொடை மருந்து வந்து சேரும்போது காலாவதியாக ஓராண்டாவது மிச்சம் இருக்க வேண்டும், நோயாளிகளுக்குக் கொடுத்துத் திரும்பி வந்ததைத் தரக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1996-லேயே நெறிமுறை வெளியிட்டுவிட்டது.

நான்கு பேர் அரை நாள் உட்கார்ந்து பிரித்தோம். பாதிக்கு மேல் குப்பைக்குத்தான் போயிற்று. அதை ஏற்றிப்போன வண்டிக்கு வாடகை, யாரோ நல்ல மனதோடு கொடுத்த நன்கொடையிலிருந்து!

அப்புறம் கடைசியாக ஒரு பை வந்தது. துவைத்து மடித்து, அளவு எழுதிய சீட்டைக் குத்தி, குழந்தைத் துணிகளைத் தனியாகக் கட்டியிருந்தார்கள். அதை அடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.