டிராலப்புக்கு ஒரு வரி போதாது

இங்கிலாந்துக் கால்பந்து வீரர் டீன் லூயிங்டன் பற்றிய உங்கள் கட்டுரை அருமை. இங்கிலாந்தில் ஒரே கிளப்புக்கு அதிக லீக் ஆட்டங்கள் ஆடிய சாதனையை அவர் 2023 கடைசியில் முறியடித்ததை விரிவாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதுவரை அதை வைத்திருந்த ஜான் டிராலப்புக்கு ஒரே வரிதானா? மனசு கேட்கவில்லை.

லூயிங்டனைப் போலவே டிராலப்பும் இடது பின்கள ஆட்டக்காரர்தான். ஸ்விண்டன் டவுனுக்கு 1960 முதல் 1980 வரை 770 லீக் ஆட்டங்கள். 1969 லீக் கப் இறுதியாட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விண்டன் மூன்றாம் டிவிஷன், எதிரே முதல் டிவிஷன் ஆர்சனல். வெம்ப்ளி மைதானம் முழுக்கச் சேறு. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் ஆர்சனல் சமன் செய்துவிட்டது. அப்புறம் கூடுதல் நேரத்தில் ஸ்விண்டனின் டான் ரோஜர்ஸ் இரண்டு கோல் போட, 3-1 என ஸ்விண்டனுக்கு வெற்றி. ரோஜர்ஸ் இடது ஓரத்தில் அவ்வளவு தைரியமாக ஏறி ஆடியதற்குப் பின்னால் நின்ற டிராலப்பும் ஒரு காரணம் என்பேன். கப்பை வென்றும், மூன்றாம் டிவிஷன் என்பதால் அவர்களை ஐரோப்பியப் போட்டியில் சேர்க்கவில்லை. எவ்வளவு அநியாயம்!

லூயிங்டன் கணக்கில், அவருடைய கிளப் மில்டன் கீன்ஸ் டான்ஸாக மாறுமுன் விம்பிள்டன் பெயரில் ஆடியவையும் சேர்த்தி. அதைக் குறையாகச் சொல்லவில்லை, அவர் உழைப்பும் பெரிதுதான். டிராலப் பற்றியும் தனியாக ஒரு கட்டுரை எழுதுங்கள்.