சோற்றைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது போதும்

தட்டில் கொஞ்சம் சோறு இருந்தால் போதும், எங்கிருந்துதான் வருவார்களோ தெரியவில்லை. "இவ்வளவு கார்ப்ஸா? வெயிட் போட்டுடுமே!" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நாம் கேட்டோமா? கேட்கவில்லை. அவர்களாவது எதையாவது படித்துவிட்டுச் சொல்கிறார்களா? அதுவும் இல்லை. யாரோ ஒருவர் மூன்று நிமிட வீடியோவில் பேசியதை அப்படியே ஒப்பிக்கிறார்கள். கார்ப்ஸ், அதாவது மாவுச்சத்து, வாய்க்குள் போனால் நேரே இடுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று அடித்துச் சொல்கிறார்கள். வீடு, வேலையிடம், உடற்பயிற்சிக் கூடம் என்று எங்கே போனாலும் இதே பாட்டு. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

என்னோடு ஒரே மேசையில் சாப்பிடும் ஒருவர் இருக்கிறார். தட்டிலிருந்த சோற்றையெல்லாம் கரண்டியால் ஓரமாக ஒதுக்கினார். பிறகு பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, வறுத்த பாதாமை இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டார். பாதாம் நல்ல உணவுதான், அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் 100 கிராம் பாதாமில் ஏறக்குறைய 580 கலோரி இருக்கிறது. வெந்த சோறு 100 கிராமில் 130 கலோரிதான். அவர் ஒதுக்கியதைவிட உள்ளே போட்டது கூடுதல். அது அவருடைய வயிறு, அவருடைய இஷ்டம். ஆனால் மென்றுகொண்டே என் தட்டைப் பார்த்து, "இதை நிறுத்தினாத்தான் உடம்பு குறையும்" என்றாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடிப்படைக் கணக்கு ஒன்றும் ரகசியம் இல்லை. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, ஒரு கிராம் புரதத்தில் 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி, கிட்டத்தட்ட 100 கிராம் சோற்றுக்குச் சமம். உடம்பு செலவழிப்பதைவிட அதிகமாக, நாள் கணக்கில், மாதக் கணக்கில் உள்ளே போய்க்கொண்டிருந்தால் எடை கூடும். அந்த அதிகப்படி சோற்றிலிருந்தும் வரலாம், வெண்ணெயிலிருந்தும் வரலாம், பாதாமிலிருந்தும் வரலாம். சோற்றை மட்டும் பிடித்து உலுக்குவதில் என்ன நியாயம்?

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "போங்க நீங்க! நான் சோத்தை நிறுத்தினேன், ஒரே வாரத்துல ரெண்டு கிலோ குறைஞ்சுது." குறைந்திருக்கும். நான் மறுக்கவே இல்லை. எது குறைந்தது என்பதுதான் கேள்வி. நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். ஆளுக்கு ஆள் இது கொஞ்சம் மாறும். இந்தக் கிளைக்கோஜன் தனியாக இருப்பதில்லை, ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்தை நிறுத்தியதும் சில நாட்களில் இந்தச் சேமிப்பு கரைகிறது, அதோடு இருந்த தண்ணீரும் சிறுநீராகப் போகிறது. அரை கிலோ கிளைக்கோஜன், ஒன்றரை கிலோ தண்ணீர், கூட்டிப் பாருங்கள். அந்த இரண்டு கிலோ வந்துவிட்டதா? போனதில் பெரும்பகுதி தண்ணீர். தொப்பை அங்கேயேதான் இருக்கிறது.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். பத்து நாள் பட்டினி மாதிரிக் கிடந்த மனிதர் ஒரு நாள் ஆசைப்பட்டு வயிறாரச் சாப்பிடுகிறார். மறுநாள் காலையில் எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்றால் ஒரு கிலோ கூடியிருக்கிறது. அவ்வளவுதான், "பாத்தீங்களா, எனக்குச் சோறே ஒத்துக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறார். ஐயா, ஒரு கிலோ உடல் கொழுப்பு சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். சோற்றுக் கணக்கில் அது கிட்டத்தட்ட ஆறு கிலோ. வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் ஆறு கிலோ சோற்றை ஒரே ராத்திரியில் யார் சாப்பிட முடியும்? காலியாகக் கிடந்த கிளைக்கோஜன் திரும்ப நிரம்பியது, தண்ணீர் திரும்ப வந்தது. நடந்தது இவ்வளவுதான். இதைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் ஆகாது. ஆனால் "முதல் வாரத்திலேயே பலன்" என்று விளம்பரம் போட்டுக் காசு பார்ப்பவர்கள் சொல்ல மாட்டார்கள். தெரிந்தே மறைக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல்தான் முதல் கோபம்.

அடுத்தது இன்சுலின் கதை. மாவுச்சத்து சாப்பிட்டால், ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் என்ற ஹார்மோன் ஏறும், இன்சுலின் ஏறினால் கொழுப்பு சேரும், ஆகவே கார்ப்ஸ்தான் எடைக்குக் காரணம். கேட்கக் கச்சிதமாக இருக்கிறது. பாதி உண்மையும்கூட. சாப்பிட்ட பிறகு ஏறும் இன்சுலின், உடலில் இருக்கும் கொழுப்பு கரைவதைக் கொஞ்ச நேரம் தடுத்து வைப்பது உண்மைதான். ஆனால் இறைச்சி சாப்பிட்டாலும் இன்சுலின் சுரக்கும் என்பதை ஏன் சொல்வதில்லை? ஒரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகு நடப்பதை வைத்து, ஒரு வருடத்தில் எடை என்ன ஆகும் என்று எப்படி முடிவு கட்ட முடியும்? அடுத்த வேளைக்கு இடையில், தூக்கத்தில், நடக்கும்போது உடம்பு சேமித்ததை எடுத்துச் செலவழித்துக்கொண்டேதானே இருக்கிறது?

இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் தலைமையில் நடந்த ஆய்வு, 2021-ல் வெளியானது. 20 பேரை நான்கு வாரம் மருத்துவமனையிலேயே தங்க வைத்தார்கள். இரண்டு வாரம் முக்கால்வாசிக் கலோரி மாவுச்சத்திலிருந்து வரும் தாவர உணவு, இரண்டு வாரம் முக்கால்வாசிக் கலோரி கொழுப்பிலிருந்து வரும், மாவுச்சத்து மிகக் குறைந்த உணவு. வேண்டிய அளவு சாப்பிடலாம், தடையே இல்லை. மாவுச்சத்து உணவில் இன்சுலின் நன்றாகவே ஏறியது. இன்சுலின் கொழுப்பைப் பூட்டி வைத்துப் பசியைத் தூண்டும் என்ற கதை உண்மையாக இருந்தால் அவர்களுக்குப் பசி எடுத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. மாவுச்சத்து உணவு சாப்பிட்ட நாட்களில் தினமும் ஏறக்குறைய 690 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள், யாரும் சொல்லாமலே. இரண்டு உணவிலும் எடை குறைந்தது, ஆனால் உடல் கொழுப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறைந்தது மாவுச்சத்து உணவில்தான்.

நான்கு வாரம் போதாது என்பவர்களுக்கு ஒரு வருட ஆய்வும் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃபர் கார்ட்னர் குழுவினர் 609 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு கொழுப்பைக் குறைத்தது, மற்றது மாவுச்சத்தைக் குறைத்தது. 2018-ல் முடிவு வந்தது. 12 மாதத்தில் கொழுப்பைக் குறைத்தவர்களுக்குச் சராசரியாக 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6 கிலோ குறைந்திருந்தது. புள்ளியியல்படி அதை வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு பிரிவிலும் நன்றாக இளைத்தவர்கள் இருந்தார்கள், எடை கூடியவர்களும் இருந்தார்கள். கவனிக்க வேண்டிய விஷயம், இரண்டு பிரிவினரிடமும் சர்க்கரையையும் தீட்டிய மாவையும் குறைக்கச் சொல்லியிருந்தார்கள்.

ஆகவே மாவுச்சத்தைக் குறைத்து ஒருவருக்கு எடை குறைகிறதா, பசி அடங்குகிறதா, வருடக் கணக்கில் அப்படியே இருக்க முடிகிறதா, தாராளமாக இருக்கட்டும். லண்டனில் வில்லியம் பான்டிங் 1863-லேயே ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கையெல்லாம் விட்டு எடை குறைத்து ஊருக்கெல்லாம் அறிவித்தவர். அதே மாதிரி, அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர் வெறும் அரிசியும் பழமும் சர்க்கரையுமாகக் கொடுத்து நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார். அந்த வழியில் குறைந்தது 45 கிலோ எடை குறைத்த 106 பேரைப் பற்றி 1975-ல் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். நாம் யாரும் அப்படிச் சாப்பிட வேண்டியதில்லை, அது மருத்துவர் கண்காணிப்பில் நடந்த கடுமையான பத்தியம். ஆனால் அரிசி என்றாலே எடை ஏறும் என்பது உண்மையானால் அந்த 106 பேர் எப்படி இளைத்தார்கள்?

உருளைக்கிழங்குக்கு நடக்கும் அநியாயத்தைச் சொல்லாமல் விட மாட்டேன். வெந்த உருளைக்கிழங்கு 100 கிராமில் சுமார் 87 கலோரி, கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். பொட்டலத்தில் வரும் சிப்ஸை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் படியுங்கள். 100 கிராமில் 530 கலோரி அளவுக்கு இருக்கும். அதில் கொழுப்பு மட்டும் 35 கிராம் அளவுக்கு இருக்கும், அதாவது 300 கலோரிக்கு மேல். பாதிக்கு மேல் எண்ணெயிலிருந்து வருகிறது. அப்படியும் சிப்ஸ் சாப்பிட்டு எடை போட்டவர் என்ன சொல்கிறார்? "உருளைக்கிழங்குங்க, கார்ப்ஸ்!" எண்ணெய் தப்பித்துவிட்டது, கிழங்கு மாட்டிக்கொண்டது. பிஸ்கட், கேக், டோனட் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். மாவு, சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாம் சேர்த்து, ஒன்று எடுத்தால் நிறுத்த முடியாதபடி செய்த பண்டம் அது. பழியெல்லாம் மாவின் தலையில்.

1995-ல் 38 உணவுகளை எடுத்து, ஒரே அளவு கலோரிக்கு எது அதிகம் வயிறு நிறைந்த உணர்வைத் தருகிறது என்று அளந்தார்கள். முதலிடம் யாருக்கு? வெந்த உருளைக்கிழங்குக்கு. கடைசி இடம் வெண்ணெய் வைத்து மடித்துச் சுடும் க்ரோசானுக்கு. இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிட்டு ஒரே தண்டனை கொடுக்கிறோம். கெவின் ஹால் 2019-ல் இதை இன்னொரு விதத்தில் காட்டினார். ஆலைகளில் அதிகம் பதப்படுத்திய உணவும் பதப்படுத்தாத உணவும், கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒத்துப் போகும்படி பரிமாறினார்கள். பதப்படுத்தியதைச் சாப்பிட்டபோது ஆட்கள் தினமும் 500 கலோரி அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள், இரண்டு வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ ஏறினார்கள்.

சர்க்கரை கரைத்த குளிர்பானங்களைத் திட்டுகிறீர்களா, நானும் கூட நின்று திட்டுகிறேன். குடித்தது வயிற்றுக்குத் தெரிவதே இல்லை, கலோரி மட்டும் சேர்ந்துவிடுகிறது. சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு இவற்றிலிருந்து வரும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே சொல்லிவிட்டது. அதே நிறுவனம் 2023-ல் வேறொன்றும் சொன்னது. மாவுச்சத்து முக்கியமாக முழுத் தானியம், காய்கறி, பழம், பருப்பு இவற்றிலிருந்து வரட்டும், பெரியவர்களுக்குத் தினமும் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்றது. முதலாவதைப் பிடித்துக்கொண்ட கூட்டம் இரண்டாவதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

விளைவு என்ன தெரியுமா? எனக்குத் தெரிந்த ஒரு இளம்பெண் ஆப்பிளைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தாள். "அதுல சுகர் இருக்கு." பருப்பும் வேண்டாம், "அதுலயும் கார்ப்ஸ் இருக்கு." மலச்சிக்கல், களைப்பு, எதைத் தொட்டாலும் குற்ற உணர்ச்சி. அவளுக்கு அந்த பயத்தை ஊட்டியது ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் கொடுத்த உணவுப் பட்டியல். அதைக் கொடுத்தவர் அவளுடைய வயதைக் கேட்டாரா, ரத்தப் பரிசோதனை பார்த்தாரா, என்ன சாப்பிடுகிறாள் என்றாவது விசாரித்தாரா? எல்லோருக்கும் ஒரே தாள். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் அதே நகல்.

இதைவிட எனக்கு ரத்தம் கொதிப்பது சர்க்கரை நோயாளிகளிடம் இதைப் போய்ச் சொல்லும்போது. மாவுச்சத்தைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை இறங்கும், அது உண்மை. மருத்துவரோடு கலந்து பேசிக் குறைப்பவர்களுக்கு மாத்திரை அளவும் குறையலாம். ஆனால் இன்சுலின் ஊசி போடுபவர், இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர் திடீரென்று மாவுச்சத்தை நிறுத்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே போய்விடலாம். கை நடுங்கும், வியர்க்கும், மயங்கி விழவும் கூடும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு, கொழுப்பு கரையும்போது உண்டாகும் கீட்டோன் ரத்தத்தில் ஏறி அமிலத்தன்மை கூடும் அபாயம் வேறு இருக்கிறது. ஒரு வயதானவரிடம், அவர் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று ஒரு வார்த்தை கேட்காமல், "நாளையிலிருந்து சோத்தைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறவர், அவர் விழுந்தால் தூக்க வரப்போவதில்லை. மருந்துச் சீட்டைப் பார்த்து, அளவை மாற்றித் தரும் பொறுப்பு இருக்கிறவர் மருத்துவர், அவர் சொல்லட்டும். மற்றவர்கள் என் தட்டையும் விடுங்கள், அந்தப் பெரியவரின் தட்டையும் விடுங்கள்.