ஒரே இரவில் எடுத்ததல்ல

பிராட்வே இசை நாடகமான ஹாமில்டனின் படப்பதிவைப் பற்றி, "ஹாமில்டன் ஒரே இரவு ஷோவை அப்படியே எடுத்தது, ஹால் பின்னாடி நல்ல கேமரா ஒன்று வைத்தாலே இது வரும்" என்று சிலர் சொல்வது தவறு.

2016 ஜூனில் நியூயார்க்கின் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் தியேட்டரில் மூன்று நாள் ஷூட்டிங் நடந்தது. ரசிகர்கள் முன் நடந்த இரண்டு ஷோக்களைப் பல கேமராக்கள் வைத்துப் பதிவு செய்தார்கள். இடைப்பட்ட நேரத்தில், காலி அரங்கில், சில பாடல்களை மட்டும் மறுபடி ஆடவைத்து கிரேன், டாலி (கேமராவை உருட்டிச் செல்லும் வண்டி), ஸ்டெடிகாம் (உடலில் மாட்டி, குலுங்காமல் எடுக்க உதவும் கருவி) கொண்டு எடுத்தார்கள். முகத்துக்கு அவ்வளவு நெருக்கமான ஷாட்டுகள் பல அங்கிருந்து வந்தவை. டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர் கண்ணெதிரே கிரேனை ஆட்ட முடியாதே! டிஸ்னி பிளஸ்ஸில் வந்தது 2020 ஜூலை 3.

நீங்கள் ஒரு மேடை ஷோவை எடுக்க ஹால் பின்னாடி ஒரே கேமரா வைத்தால் முதலில் சொதப்புவது எக்ஸ்போஷர், அதாவது கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்சத்தின் அளவு. மேடையில் பெரும்பகுதி இருட்டு என்பதால் ஆட்டோ மோடு வெளிச்சத்தைக் கூட்டும். ஃபாலோ ஸ்பாட் (நடிகரைப் பின்தொடரும் விளக்கு) விழுந்த முகம் மூக்கு, கண் தெரியாமல் வெள்ளைத் திட்டாகிவிடும். மேனுவலுக்கு மாற்றி, ஒத்திகையில் வரும் மிகப் பிரகாசமான காட்சியில் முகத்தைப் பார்த்து அளவை வையுங்கள். கொஞ்சம் இருட்டாக இருந்தால் எடிட்டிங்கில் தேற்றலாம், வெளுத்துப்போனதை மீட்க முடியாது. நிறங்களைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸும் தானாக மாறாதபடி லாக் செய்யுங்கள். எல்இடி விளக்கால் படத்தில் பட்டை ஓடினால் ஷட்டர் வேகத்தை மாற்றிப் பாருங்கள். நம்மூர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 1/50 வினாடி நல்ல தொடக்கம்.

ஒலிதான் பெரிய விஷயம். கேமரா மைக்கில் எதிரொலியும் பக்கத்து சீட் இருமலும்தான் விழும். சவுண்ட் மிக்சரிலிருந்து ஒவ்வொரு மைக்கையும் தனித்தனி டிராக்காக, வீடியோவுக்கு வழக்கமான 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் வாங்குங்கள். கைதட்டலுக்கு ஹாலில் தனியாக இரண்டு மைக்.