கண் பொய் சொல்லாது, சரி. பட்டியல்?

வளைகுடாவுக்குப் போய்வருகிறவர்களுக்குக் கண் ஸ்கேன் பழகிப்போன விஷயம். இமிக்ரேஷனில் கண்ணாடியைக் கழற்றச் சொல்லுவார்கள், கண்ணை நல்லா திறந்து கேமராவைப் பார்க்கணும், சில நொடிதான். அமீரகம் இதை 2000களின் தொடக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டது. நாடு கடத்தி அனுப்பினால், ஊருக்கு வந்து பெயரையும் பிறந்த தேதியையும் மாற்றி புது பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு திரும்ப வந்து நிற்கிறார்கள் என்பதுதான் காரணம். பாஸ்போர்ட்டை மாற்றலாம், கருவிழியை (கண் பாப்பாவைச் சுற்றியிருக்கிற நிற வளையம்) மாற்ற முடியாதே. கேம்பிரிட்ஜின் ஜான் டாக்மன் உருவாக்கிய முறை அது. இரட்டையருக்கும் ஒத்துப்போகாது, ஏன், ஒரே ஆளின் இடது கண்ணும் வலது கண்ணும்கூட வேறு வேறு.

நம்ம ஆட்கள் சும்மா விடுவார்களா (நம்மவர் என்றால் எல்லா நாட்டுக்காரரும்தான்)? கண் ஆஸ்பத்திரியில் கண் பாப்பாவை விரிக்க ஊற்றுவார்களே, அந்த மாதிரி அட்ரோபின் சொட்டு மருந்தை ஊற்றிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பாப்பா விரிந்தால் கருவிழி மெல்லிய வளையமாகச் சுருங்கிவிடும், மெஷினால் பழைய பதிவோடு ஒப்பிட முடியாது. அதையும் கண்டுபிடித்து, பாப்பா அளவுக்கு மீறி விரிந்திருந்தால் ஆளை நிறுத்திவைக்கும்படி மாற்றிவிட்டார்கள்.

கள்ளப் பாஸ்போர்ட்காரனுக்காக நான் அழப்போவதில்லை. கட்டட வேலையில் ரேகை தேய்ந்துபோனவர்களுக்குக் கண் ஸ்கேன் நல்லதும்கூட, சிங்கப்பூரில் இப்போது ரேகைக்குப் பதில் கண்ணும் முகமும்தான். என் சண்டை கேமராவோடு இல்லை, அதற்குப் பின்னால் இருக்கிற, திரும்ப உள்ளே விடக்கூடாதவர்களின் பட்டியலோடு. மாசக்கணக்கில் சம்பளம் தராத முதலாளியை விட்டு வெளியேறினால், அவரே 'ஓடிப்போயிட்டான்' என்று புகார் கொடுப்பது வளைகுடாவில் ஊரறிந்த கதை. அப்புறம் அவுட்பாஸ் (ஊர் திரும்ப மட்டும் தருகிற தற்காலிகப் பயணச் சீட்டு), பேன் (மறுபடி வரத் தடை). கொலைகாரனும் சம்பளம் கேட்டவனும் மெஷினுக்கு ஒன்றுதான், பட்டியலில் இருந்தால் சிவப்பு விளக்கு. கண் துல்லியமாகப் பொருந்துகிறது என்பதற்காக, புகாரும் உண்மை என்று ஆகிவிடுமா?

எடுக்கட்டும், கண்ணைத் தாராளமாக எடுக்கட்டும். திருப்பி அனுப்பும்போது என்ன காரணம், யார் கொடுத்த புகார், எத்தனை வருடத் தடை, எங்கே முறையிடலாம் என்று அவனுக்குப் புரிகிற மொழியில் ஒரு காகிதம் கொடுக்கட்டும். தடை இருக்கிறதா என்று ஊரிலேயே பார்த்துக்கொள்ள சுலபமான வழி இருக்கட்டும். இப்போது பலருக்கு அது தெரிவதே ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டி, நகையை அடகு வைத்து டிக்கெட் போட்டு, அங்கே போய் இறங்கிய பிறகுதான். அந்தப் பணத்தை எந்த ஏஜென்ட்டும் திருப்பிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.