100 எம்பிபிஎஸ் எல்லாம் வேணாம்ணே
அண்ணே, ஐபி போன் (இன்டர்நெட் வழியா பேசுற போன்) போட 100 எம்பிபிஎஸ் ஸ்பீடு லைன் கட்டாயம்னு மேல போட்ருக்கீங்க, அது தப்புண்ணே. ஜி.711 கோடெக்ல (குரல டிஜிட்டலா மாத்துற முறை) ஒரு போன் காலுக்கு போறதுக்கு சுமாரா 90, வர்றதுக்கு சுமாரா 90 கேபிபிஎஸ் தான் (ஆயிரம் கேபிபிஎஸ் ஒரு எம்பிபிஎஸ்), அஞ்சு பேர் சேந்து பேசினாலும் ஒரு பக்கத்துக்கு அரை எம்பிபிஎஸ் தாண்டாது. பாக்கெட் லாஸும் (குரல் துண்டுங்க வழியில தொலையறது) ஜிட்டரும் (அதுங்க சீரா வராம முன்னபின்ன வர்றது) தான் ஆள கவுக்கும். ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊர்ல எங்க நண்டு கம்பெனில ஸ்பீடு டெஸ்ட் 60 காட்டும், ஆனா பையன் சிசிடிவி வீடியோவ அப்லோடு போட்டான்னா போன்ல கொச்சிக்காரர் சொல்ற நண்டு ரேட்டு "நா...த்தி...பது"ன்னு தான் கேக்கும் (நானூத்தி முப்பதா நானூத்தி நாப்பதா, சண்டையே வந்துச்சு), ரூட்டர்ல வாய்ஸுக்கு முன்னுரிமை குடுத்தப்பறம் தான் சரியாச்சு. அப்பறம் பழைய செம்புக்கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சுலருந்தே கரண்ட் வரும், ஐபி போனுக்கு அப்படி வராது. காத்தடிச்சா நம்ம பக்கம் கரண்ட் போறது தெரிஞ்சது தானே, மோடம், ரூட்டர், போன் எல்லாத்துக்கும் சேத்து ஒரு யுபிஎஸ் (கரண்ட் போனா பேட்டரில ஓட்டுற பெட்டி) மொதல்ல வாங்குங்க.