கார்ட்னர்-ஜான்சன் ஆடியது சேஃப்டியாக

"2024-ல் ஈகிள்ஸுக்கு (பிலடெல்பியாவின் அமெரிக்கக் கால்பந்து அணி) திரும்பிய சி.ஜே. கார்ட்னர்-ஜான்சன் ஸ்லாட்டில் (உள்பக்கமாக நிற்கும் ரிசீவரை மறிக்கும் இடம்) ஆடத்தான் வந்தார், 2022-ல் எடுத்த 6 இன்டர்செப்ஷனும் (எதிரணி வீசிய பந்தைப் பறிப்பது) அங்கே எடுத்ததுதான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை.

நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸில் அவர் பெரும்பாலும் ஸ்லாட்தான், குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். பிலடெல்பியா 2022-ல் அவரை வாங்கியதும் சேஃப்டியாக, அதாவது பின்னால் ஆழத்தில் நிற்கும் தடுப்பாளராக, மாற்றியது. ஸ்லாட்டில் ஆடிய மேடக்ஸுக்குக் காயம் பட்டபோது சில ஆட்டங்களில் ஸ்லாட்டுக்கு இறங்கினார், அவ்வளவுதான்.

இரண்டும் ஒரே வேலை இல்லை. ஸ்லாட்டில் நிற்பவருக்குப் பக்கக்கோடு துணைக்கு இல்லை. எதிரே நிற்கும் ரிசீவர் (பந்தைப் பிடிக்க ஓடுபவர்) உள்ளேயும் வெட்டலாம், வெளியேயும் வெட்டலாம். 2024-ல் ஈகிள்ஸின் தடுப்பாட்டப் பயிற்சியாளராக வந்த விக் ஃபாங்கியோவின் அமைப்பில் சேஃப்டிகள் இருவரும் ஆழத்தில் நிற்பார்கள். பந்து கைமாறும் நொடிவரை யார் முன்னே இறங்குவார் என்று பந்தை வீசும் குவார்ட்டர்பேக்குக்குத் தெரியக்கூடாது. குவார்ட்டர்பேக்கின் கண்ணைப் படித்துப் பந்தை நோக்கிப் பாய்கிறவருக்கு ஏற்ற இடம் அது. 2024-லும் இன்னொரு சேஃப்டியான பிளாங்கன்ஷிப்போடு பின்னால் நின்று கார்ட்னர்-ஜான்சன் 6 எடுத்தாரே!

அப்புறம் ஸ்லாட்? அணிக்கு ஆட்டமில்லாத பை வாரத்துக்குப் பிறகு அந்த இடம் புதுமுகம் கூப்பர் டீஜீனுக்குப் போனது. இறுதிப்போட்டியான சூப்பர் பௌலில் எதிரணி குவார்ட்டர்பேக் மஹோம்ஸின் பந்தைப் பறித்து 38 கெஜம் ஓடி டச்டவுன் போட்டவர் அவர்தான், அதுவும் தன் 22-வது பிறந்தநாளில். கார்ட்னர்-ஜான்சன் ஸ்லாட்டுக்காக வந்தவர் என்றால் டீஜீனுக்கு அந்த இடம் ஏது?