72 மணி நேரமும் நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்பும்

தமிழ்நாட்டில் பெரும்பாலான மெடிக்கல் ஷாப்புகளில் அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். கொஞ்சம் பேசுகிற கடைக்காரராக இருந்தால் "அதையெல்லாம் தடை பண்ணிட்டாங்கம்மா" என்பார். அப்படி ஒரு தடை கிடையாது. லெவோனார்ஜெஸ்ட்ரல் என்ற அந்த மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று மத்திய அரசு 2005-இலேயே அனுமதித்துவிட்டது. 2007-இல் ஐ-பில் என்ற பெயரில் இந்த மாத்திரை வந்தபோது டிவியில் விளம்பரமே ஓடியது. பெங்களூரில் கேட்டால் சாதாரணமாக எடுத்துக் கொடுக்கிறார்கள். ஓசூருக்கு இந்தப் பக்கம் வந்ததும் அதே மாத்திரை கஞ்சாப் பொட்டலம் மாதிரி ஆகிவிடுகிறது. ஆண்மைக் குறைவு வைத்தியத்துக்குப் பஸ் ஸ்டாண்ட் சுவரெல்லாம் நோட்டீஸ், நள்ளிரவு டிவியில் மணிக்கணக்கில் நிகழ்ச்சி. அதில் மட்டும் யாருடைய பண்பாடும் கெடவில்லை.

கடைக்காரர்களிடம் பேசினால் ஒன்று புரியும். பலர் இதைக் கருக்கலைப்பு மாத்திரை என்றே நம்புகிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. உடலுறவுக்குப் பிறகு விந்தணு பெண்ணின் உடலில் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். மறுநாள் காலைக்குள் கருப்பையில் கரு தங்கியிருக்காது. பெரும்பாலும் விந்தணு காத்துக்கொண்டிருக்கும், முட்டை இன்னும் வந்திருக்காது. அந்த முட்டை வெளியாவதைத் தள்ளிப்போடுவதுதான் மாத்திரையின் வேலை. முட்டை ஏற்கெனவே வந்துவிட்டிருந்தால் மாத்திரையால் பெரிதாகப் பலன் இல்லை. கரு தங்கிவிட்டிருந்தால் அதைக் கலைக்கவும் செய்யாது, கெடுக்கவும் செய்யாது. கலைப்பதற்குத் தருவது மிஃபெப்ரிஸ்டோனும் மிசோப்ரோஸ்டாலும். அவற்றை டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. முதல் மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்காத ஊரில்தான் நாள் தள்ளிப்போன பிறகு இரண்டாவதைத் தேடி ஆட்கள் திருட்டுத்தனமாக அலைகிறார்கள்.

எனக்குக் கோபம் வருவது நேரத்தை நினைத்துத்தான். 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை, 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். 72 என்றதும் மூன்று நாள் இருக்கிறதே என்று நினைத்துவிடக் கூடாது. 12 மணி நேரத்தில் போடுவதும் 70-ஆவது மணி நேரத்தில் போடுவதும் ஒன்றல்ல. தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும். இங்கே ஒரு பெண்ணின் முதல் நாள் கூச்சத்தில் போகிறது. இரண்டாவது நாள் தெரிந்தவர் யாரும் இல்லாத ஏரியாவில் கடை கடையாக ஏறி இறங்குவதில் போகிறது. மூன்றாவது நாள் ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இதெல்லாம் கல்யாணமாகாத பிள்ளைகளின் பிரச்சினை என்று நினைப்பவர்களுக்கு: எனக்குத் தெரிந்து இதைத் தேடி அலைந்தவர்களில் பாதிப் பேர் கைக்குழந்தைக்காரிகள். ஆணுறை கிழிந்திருக்கும். அல்லது அவர் "நான் பார்த்துக்கறேன், வெளிய எடுத்துடறேன்" என்றிருப்பார். பால் கொடுக்கும்போது தங்காது என்று மாமியார் சொல்லியிருப்பார். குழந்தைக்கு 6 மாதம் ஆகாமல், தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்ப வராமல் இருந்தால்தான் அது உண்மை. மூன்றில் ஒன்று தவறினாலும் நம்ப முடியாது. கடைசியில் பப்பாளி, எள்ளு, அன்னாசி. பாவம் அந்தப் பழங்கள், எத்தனை பேரின் நம்பிக்கையைத்தான் சுமக்கும்!

மாத்திரையைவிடப் பலமான ஒன்று அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது. கருப்பைக்குள் வைக்கிற சின்னக் கருத்தடைச் சாதனமான காப்பர் டி. உறவு நடந்து 5 நாட்களுக்குள் போட்டுக்கொண்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் கரு தங்காது. 380ஏ வகை அப்புறம் 10 வருடம் வரை காவல் இருக்கும், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். உடல் எடை அதிகம் உள்ளவர்களுக்கு மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம். ரிஃபாம்பிசின் போன்ற டிபி மருந்தோ, சில வலிப்பு மருந்துகளோ சாப்பிடுபவர்களுக்கும் அப்படித்தான். அவர்கள் முதலில் கேட்க வேண்டியது காப்பர் டி-யைத்தான். ஆனால் அதை அவசரத்துக்கும் போடலாம் என்று சொல்லும் ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. குழந்தை பிறந்த கையோடு போட்டுவிடுவதற்கு மட்டும் நம் ஆட்களுக்கு ஞாபகம் வரும்.

மாத்திரை போட்டு 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். அடுத்த பீரியட்ஸ் சில நாள் முன்னாலோ பின்னாலோ வரலாம், அதற்காகப் பதற வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினாலோ, உறவு நடந்து 3 வாரம் ஆகியும் சந்தேகம் தீராவிட்டாலோ கர்ப்பம் பார்க்கும் கார்டு வாங்கி டெஸ்ட் பண்ணிப் பாருங்கள். மறுநாளே டெஸ்ட் பண்ணி ஒரு கோடு பார்த்து நிம்மதி அடைவதில் அர்த்தமே இல்லை. ஒரு மாத்திரை அந்த மாதம் முழுவதும் காப்பாற்றும் என்றும் நினைக்காதீர்கள். முட்டை தள்ளித்தான் போயிருக்கிறது, பின்னால் வரும்.

கரு தங்கியே விட்டாலும் சட்டம் கைவிடவில்லை. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு, 20 வாரம் வரை கலைக்க ஒரு டாக்டரின் கருத்து போதும். கருத்தடை தோற்றுப்போனது என்ற காரணத்தைக் கல்யாணமாகாத பெண்ணும் சொல்லலாம். 18 வயது தாண்டியவருக்குப் புருஷன் கையெழுத்தோ அப்பா கையெழுத்தோ தேவையில்லை. விவரத்தை வெளியே சொன்னால் டாக்டருக்குத்தான் தண்டனை.

"இதைத் தாராளமாக விட்டால் பிள்ளைகள் மிட்டாய் மாதிரி சாப்பிடுவார்கள்" என்று எப்படியும் ஒருவர் வருவார். அடிக்கடி போடுவதற்கான மருந்து இல்லைதான். மாதச் சக்கரம் குழம்பும், தொடர்ந்து போடும் கருத்தடை மாத்திரை அளவுக்கு நம்பகமும் கிடையாது. எச்ஐவி போன்ற தொற்றையும் தடுக்காது. (அந்தப் பயம் இருந்தால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அதற்குத் தனி மருந்து இருக்கிறது.) ஆனால் இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் யார் சொல்வது? மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது கடைக்காரர் சொல்லலாம். இல்லை என்று அனுப்பிவிட்டால் அவளுக்கு இருப்பது யூடியூப்தான்.

உங்கள் ஊரில் முறைக்காமல், கேள்வி கேட்காமல் இதை எடுத்துக் கொடுக்கும் மெடிக்கல் இருந்தால் கமெண்ட்டில் ஏரியா பெயரோடு போடுங்கள். "கல்யாணம் ஆயிடுச்சா" என்று கேட்கும் கடைகளின் பட்டியல் வேண்டாம், முகநூல் தாங்காது.